ஸ்கேனுக்கு முன்னால்: விளையாட்டு வீரர்களின் கீழ்முதுகும் இடுப்பு மூட்டுகளும்



முன்வரிசையில் இடம் இருந்தும் பின்னால் போய் நிற்கிற உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் நினைத்துத்தான் இன்றைய பேச்சைத் தயாரித்தேன். ஒரு பையன் அல்லது பெண் “சார், முதுகு வலிக்குது” என்று முதலில் சொல்வது அவர்களிடம்தான். சிகிச்சைக்கு எங்களிடம் வந்து சேரும்போது அந்த வலிக்கு இரண்டு மூன்று மாதம் வயதாகியிருக்கும். நடுவில் எண்ணெய் தேய்த்திருப்பார்கள், சுளுக்கு எடுத்திருப்பார்கள், பத்து நாள் கரண்ட் வைத்திருப்பார்கள், இடுப்பில் பெல்ட் ஏறியிருக்கும். கையில் எம்.ஆர்.ஐ. ஃபிலிம் இருக்கும். உட்கார்ந்ததும் அப்பா அந்த உறையைத்தான் முதலில் நீட்டுவார். பையனிடம் இன்னும் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

டென்னிஸ் லில்லியிடமிருந்து தொடங்குகிறேன். 1973ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது அவருக்கு வயது 23. உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்களில் ஒருவர். அந்தப் பயணத்தில் முதல் டெஸ்டுக்குப் பிறகு அவரால் ஆட முடியவில்லை. கீழ்முதுகு முள்ளெலும்புகளில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். பல வாரங்கள் மாவுக்கட்டில் கிடந்தார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பைக் வகுத்துக் கொடுத்த பயிற்சித் திட்டத்தைப் பிடிவாதமாகச் செய்து, 1974-75 ஆஷஸ் தொடரில் ஜெஃப் தாம்சனோடு சேர்ந்து இங்கிலாந்தைக் கலங்கடித்தார். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது, இளம் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்க வந்தவர் அதே லில்லிதான். முதுகெலும்பு விரிசலை உடம்பாலேயே அறிந்த ஒருவர் கால் நூற்றாண்டு காலம் சேத்துப்பட்டு மைதானத்துக்கு வந்துபோயிருக்கிறார். இருந்தும் நம் மாவட்ட மைதானங்களில் அதே விரிசலுக்கு இன்றைக்கும் ‘குறுக்குப் பிடிப்பு’ என்றுதான் பெயர்.

விரிசலைத் தடுப்பது எளிது என்று நான் சொல்லவில்லை. இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019இல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். 2022இல் மறுபடி முதுகு. டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை, ஆகஸ்டில் அயர்லாந்துக்கு எதிராக மீள்வரவு. 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் நடுவில் மீண்டும் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிற குழு சுற்றி நிற்கிற ஒருவருக்கே இந்த நிலை. விருதுநகர் பக்கத்தில் மேட்டிங் விக்கெட்டில் காலையில் பள்ளி அணிக்கும் மாலையில் கிளப்புக்கும் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிக்கும் வீசுகிற பதினாறு வயதுப் பையனின் பந்துகளை யார் எண்ணுகிறார்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விளையாட்டு வீரரின் முதுகைச் சோதிப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் கேள்வி, பிறகு அசைவு, பிறகு கைச் சோதனை, அதற்கும் பிறகே படம். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் பெரும்பாலான கேடுகள் நடக்கின்றன.

கேள்விகளில் முதலாவது, எந்த அசைவில் வலிக்கிறது என்பது. குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால், தும்மினால் வலி ஏறுகிறது என்றால் எண்ணம் டிஸ்க்கின் பக்கம் போகும்; நம் ஊரில் ஜவ்வு என்போம். பின்னால் வளைந்தால், பந்தை விடும் நொடியில், டென்னிஸில் சர்வ் போடும்போது, ஜிம்னாஸ்டிக்ஸில் வளைந்து இறங்கும்போது வலிக்கிறது என்றால் முள்ளெலும்பின் பின்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். படுக்கையில் புரளும்போதும், உட்கார்ந்து எழும்போதும், ஒற்றைக் காலில் எடை ஏறும்போதும் பிட்டத்தின் மேல்பக்கம் குத்துகிறது என்றால் முதுகெலும்பின் அடியில் உள்ள சாக்ரம் என்ற எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள மூட்டை நினைக்கலாம். எஸ்.ஐ. மூட்டு என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது அதைத்தான். இவை சந்தேகங்கள் மட்டுமே, தீர்ப்புகள் அல்ல. ஆனால் சந்தேகம் இல்லாமல் எடுக்கிற ஸ்கேனில் எதைத் தேடுவது?

இரண்டாவது கேள்வி பயிற்சியின் அளவைப் பற்றியது. இதில் பலரும் போன வாரத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜான் ஆர்ச்சர்டும் அவருடைய குழுவினரும் முதல்தரப் பந்துவீச்சாளர்களின் பல பருவக் கணக்குகளை ஆராய்ந்து 2009இல் எழுதியதைப் படித்தால் இந்தப் பழக்கம் போய்விடும். ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு, அந்த ஆட்டம் முடிந்து மூன்று நான்கு வாரங்கள் வரை உயர்ந்தே இருந்தது. அதாவது இன்றைக்கு வந்திருக்கிற வலிக்கான விதை, போன மாதம் நடந்த மண்டலப் போட்டியில் விழுந்திருக்கலாம். பரீட்சை விடுமுறைக்குப் பிறகு ஒரேயடியாகத் தொடங்கிய பயிற்சி முகாமில் விழுந்திருக்கலாம். ஆறு வாரக் கணக்கைக் கேளுங்கள். பள்ளி, கிளப், தெரு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். கபடி வீரர் என்றால் எத்தனை ஊர்த் திருவிழாப் போட்டிகள், எத்தனை இரவுகள் தூக்கம் இல்லை என்றும் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பதைவிட மனத்தில் வைத்திருப்பது நல்லது: இவர் எதை மறைக்கிறார்? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ, ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலையோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எந்தப் பையனும் உண்மையான வலியைச் சொல்ல மாட்டான். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்று என்பான். ஷூ லேஸ் கட்டக் குனிவதைப் பார்த்தால் ஏழு என்று தெரியும். அதனால் அவன் அறைக்குள் வந்து உட்காரும் நிமிடத்திலேயே சோதனை தொடங்கிவிடுகிறது.

இனி எலும்புக்கு வருவோம். முள்ளெலும்பின் பின்பக்கத்தில் மேல்மூட்டுக்கும் கீழ்மூட்டுக்கும் நடுவே குறுகலான ஓர் எலும்புப் பகுதி உண்டு. பார்ஸ் என்பார்கள். வேகப்பந்து வீச்சில் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை மேலேறி வருகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகிக்கொண்டும் இருக்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வளைத்தால் அந்த இடம் இற்றுப்போவது மாதிரி, பார்ஸில் முதலில் நீர்க்கோப்பு வரும், பிறகு மயிரிழை விரிசல், கடைசியில் முழு முறிவு. பெரும்பாலும் இது கடைசி இடுப்பு முள்ளெலும்பான எல்5இல் வரும். பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்திலேயே அதிகம் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வலக்கை வீச்சாளருக்கு இடப்பக்கக் கீழ்முதுகு ஒற்றைப் பக்கமாக வலித்தால் அது சாதாரணப் பிடிப்பு என்று யாரும் அனுப்பிவிடக் கூடாது.

வயது இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1995இல் பாஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு போதும். லைல் மிக்கேலியும் வுட் என்பவரும் முதுகுவலியோடு வந்த 100 இளவயது விளையாட்டாளர்களையும் 100 பெரியவர்களையும் ஒப்பிட்டார்கள். இளையவர்களில் 47 பேருக்கு பார்ஸ் பாதிப்பு. பெரியவர்களில் 5 பேருக்குத்தான். டிஸ்க் கோளாறு பெரியவர்களில் 48, இளையவர்களில் 11. மருத்துவமனைக்குத் தேடி வந்தவர்களின் கணக்கு இது. தெருவில் போகிற எல்லாப் பையன்களுக்கும் பொருந்தாது. இருந்தாலும் திசை தெளிவாக இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு நினைப்பதைப் பதினைந்து வயதுக்காரருக்கும் நினைத்து “ஜவ்வு லேசா விலகியிருக்கு” என்று சொல்லி அனுப்பும் வழக்கத்துக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

பார்ஸ் விரிசலைக் கண்டுபிடிக்கவென்று பாடப் புத்தகங்களில் ஒரு சோதனை இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்வது. வலித்தால் பார்ஸ் உடைந்திருக்கிறது என்று நாங்கள் மாணவராக இருந்தபோது சொல்லிக் கொடுத்தார்கள். 2006இல் மெல்போர்னில் லொரென்சோ மாசியும் குழுவினரும் இந்தச் சோதனையைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அது கைவிட்டுவிட்டது. வலி இருந்தவர்களுக்கு விரிசல் இல்லை, விரிசல் இருந்தவர்களுக்கு வலி இல்லை என்ற குழப்பம் இரண்டு பக்கமும் இருந்தது. இந்தச் சோதனையைச் செய்யலாம், வீரர் எதற்கு முகம் சுளிக்கிறார் என்று பார்க்க உதவும். அதில் வலி இல்லை என்பதை வைத்துக்கொண்டு பந்தைக் கையில் கொடுக்க முடியாது. இளம் வீச்சாளர், ஒற்றைப் பக்க வலி, பின்வளைவில் அதிகம், வாரக்கணக்கில் நீடிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் படம் எடுக்கத்தான் வேண்டும். சாதாரண எக்ஸ்ரே தொடக்க நிலையைப் பெரும்பாலும் தவறவிடும். எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை விரிசல் விழும் முன்பே காட்டும், கதிர்வீச்சும் கிடையாது. விரிசலின் அளவைத் துல்லியமாக அறியவும் ஆறியதா என்று பார்க்கவும் சி.டி. தேவைப்படலாம். அதைச் சிறுவர்களுக்கு யோசித்துத்தான் கேட்க வேண்டும்.

தொடக்கத்திலேயே பிடித்து, பந்து வீச்சை நிறுத்தினால் எலும்பு கூடிவிடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வலி சில வாரங்களில் போய்விடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். வலியில்லாத அந்த இடைக்காலம்தான் ஆபத்தானது. பையன் குதிப்பான், அப்பா நச்சரிப்பார், தேர்வுக்குழுவிலிருந்து ஃபோன் வரும். மறுசோதனை இல்லாமல் விட்டால் அதே இடம் மறுபடி உடையும்.

இப்போது எஸ்.ஐ. மூட்டு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் இவ்வளவு கற்பனை கலந்த மூட்டு வேறு இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடுப்புவலிக்கும் கால் இழுக்கும் வலிக்கும் இந்த மூட்டைத்தான் குற்றவாளி என்றார்கள். பாஸ்டனில் கோல்ட்த்வெயிட்டும் ஆஸ்குட்டும் 1905இல் எழுதியது அந்தக் கருத்துக்கு வலுவூட்டியது. 1934இல் அதே பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதை அறுவைச் சிகிச்சை செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து ஆட்சி டிஸ்க்குக்குப் போய்விட்டது. எஸ்.ஐ. மூட்டைப் பல பத்தாண்டுகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டதை எலும்பு பிடிப்பவர்கள், கைரோபிராக்டர்கள், எங்கள் இயன்முறை மருத்துவர்களில் ஒரு பிரிவினர் எடுத்துக்கொண்டார்கள். “இடுப்பு பிசகியிருக்கு”, “ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கு”, “ஒரு கால் நீளமாயிருக்கு” என்ற பேச்சு அங்கிருந்து பரவியது.

இந்த மூட்டு எவ்வளவு அசைகிறது? 1989இல் ஸ்வீடனில் ஸ்டூரெசன் என்பவரும் உடனிருந்தவர்களும் நோயாளிகளின் எலும்பில் நுண்ணிய டான்டலம் குண்டுகளைப் பதித்து, உடல் நிலை மாறும்போது எக்ஸ்ரேயில் அளந்தார்கள். சராசரிச் சுழற்சி 2.5 பாகை. நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலையும் கொழுப்பையும் தடித்த இணைப்பு நார்களையும் தாண்டி, கட்டைவிரல் நுனியால் இந்த அசைவை உணர்ந்து, எது முன்னால் சுழன்றிருக்கிறது எது பின்னால் என்று சொல்லிவிட முடியும் என்கிறவர்களை நான் மறுக்கப் போவதில்லை. ஒரே வீரரை இரண்டு பேரிடம் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள் என்பேன். இரண்டு பதில் வரும். 1998இல் டுல்பர்க் குழுவினர், எஸ்.ஐ. மூட்டைச் சடக்கென்று எடுத்துவிடுவதற்கு முன்னும் பின்னும் அதே குண்டு முறையில் அளந்தார்கள். எடுத்துவிட்ட பிறகு “சரியாகிவிட்டது” என்று கை சொன்னது; எலும்பின் நிலை மாறவில்லை என்று அளவு சொன்னது.

சுளுக்கு எடுத்த பிறகு வலி குறைகிறதே என்று கேட்பீர்கள். குறையலாம். தசை இறுக்கம் தளர்கிறது, நரம்புகளின் கூச்சல் சற்று அடங்குகிறது. அந்த ஆறுதல் உண்மையானது. அதற்குச் சொல்லப்படும் விளக்கம்தான் பொய். தன் இடுப்பு எந்நேரமும் கழன்றுவிடும் என்று நம்பவைக்கப்பட்ட ஒரு தடை ஓட்டக்காரர் தடையைத் தாண்டும்போது பயந்து தாண்டுவார். அந்தப் பயத்தைக் குணப்படுத்துவது மூட்டைக் குணப்படுத்துவதைவிடக் கடினம்.

அப்படியென்றால் எஸ்.ஐ. மூட்டில் வலியே வராதா? வரும். சோதிக்கவும் முடியும். நிலையைத் தேடுவதை விட்டுவிட்டு வலியைத் தூண்டிப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் மார்க் லாஸ்லெட் இதை ஒழுங்குபடுத்தினார். மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பெலும்பின் இரு முன்முனைகளையும் வெளிப்பக்கமாக அழுத்துவது ஒன்று. ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவது ஒன்று. தொடையைச் செங்குத்தாக நிறுத்தி அதன் வழியே பின்னோக்கி அழுத்துவது ஒன்று. எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த மூன்றாவதுதான். குப்புறப் படுக்கவைத்துச் சாக்ரத்தின் மேல் அழுத்துவது. ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு மறு முழங்காலை மார்போடு மடக்குவது. இவற்றில் ஒன்று வலித்தால் பொருளில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை, வீரர் சொல்கிற அதே வலியை, அதே இடத்தில் எழுப்பினால் அந்த மூட்டைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டு வலி போகிறதா என்று பார்த்த முடிவுகளோடு ஒப்பிட்டு வந்த கணக்கு இது.

இதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வீரரை நின்ற நிலையிலும் குப்புறப் படுத்த நிலையிலும் பலமுறை திரும்பத் திரும்பப் பின்னால் வளையச் சொல்லிப் பார்க்க வேண்டும். காலிலும் பிட்டத்திலும் இருந்த வலி மெல்லச் சுருங்கிக் கீழ்முதுகின் நடுவுக்கு வந்தால் அது டிஸ்க்கின் அடையாளம். அங்கே எஸ்.ஐ. சோதனைகள் வலித்தாலும் நம்ப வேண்டாம். அதே போல, வலிக்கிற இடத்தை ஒரு விரலால் இரண்டு முறை காட்டச் சொல்லுங்கள். இடுப்பின் பின்பக்கக் குழிக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாக, இரண்டு முறையும் அதே புள்ளியைத் தொட்டால் ஃபோர்ட்டின் குறி என்பார்கள். உள்ளங்கையை வைத்து இடுப்பு முழுவதும் தேய்த்துக் காட்டினால் வேறு எதையாவது தேடுங்கள்.

நரம்புச் சோதனையில் விளையாட்டு வீரருக்கு ஒரு திருத்தம் வேண்டும். கட்டிலில் படுக்கவைத்து “பாதத்தை அழுத்துங்க” என்று கையால் தடுத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். ஒரு டிரிபிள் ஜம்ப் வீரரின் கெண்டைக்கால் தசை பாதி பலத்தை இழந்திருந்தாலும் என் கையைத் தோற்கடித்துவிடும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபத்தைந்து முறை உயர்த்தச் சொல்லுங்கள். நல்ல காலில் இருபத்தைந்தையும் முடித்து, வலிக்கிற காலில் பன்னிரண்டிலேயே நின்றால் முதல் சாக்ர நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். களத்தில் வீரர் எப்படி அசைகிறார் என்றும் பார்க்க வேண்டும்; மைதானத்துக்குப் போக முடியாவிட்டால் ஃபோனில் எடுத்த வீடியோவையாவது பாருங்கள். பந்துவீச்சாளர் என்றால் மூன்றாவது ஓவரில் எடுத்ததும் எட்டாவது ஓவரில் எடுத்ததும் வேண்டும். களைப்பில்தான் வீச்சு குலையும்.

முன்பக்க வலியை விரைவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். இடுப்பு என்பது ஒரு வளையம். பின்னால் இரண்டு எஸ்.ஐ. மூட்டுகள், முன்னால் பூப்பெலும்பு இணைப்பு. கால்பந்து, ஹாக்கி ஆட்டக்காரர்களுக்குத் தொடை இடுக்கில் வரும் வலிக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 2014இல் தோகாவில் கூடிய வல்லுநர்கள் அதை உட்தொடைத் தசை, இடுப்பு மடக்குத் தசை, கவட்டைக் கால்வாய், பூப்பெலும்பு, இடுப்பு மூட்டு என்று எளிய வகைகளாகப் பிரித்தார்கள். முதுகுவலி என்று வந்தவருக்கும் இடுப்பு மூட்டை உள்பக்கம் சுழற்றிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

இனி படங்கள். 2015இல் பிரிஞ்ஜிக்ஜி என்பவரும் குழுவினரும் முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைக் கொண்ட 33 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம், 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம். எண்பது வயதில் தேய்மானம் 96 விழுக்காடு. வலியில்லாத மனிதர்கள் இவர்கள். இருபது வயது வீரரின் அறிக்கையில் இருக்கிற “பிதுக்கம்” அவர் வலிக்குக் காரணமா, அல்லது அவர் கூடவே பயணம் செய்கிற ஒன்றா என்பதைப் படம் சொல்லாது. எஸ்.ஐ. மூட்டிலும் இதே கதை. 2018இல் உல்ரிச் வெபர் குழுவினர் நோயில்லாத ஓட்டக்காரர்களையும் ஐஸ் ஹாக்கி வீரர்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய படம் முதுகெலும்பு அழற்சி வாதத்துக்கான வரையறையை எட்டியது. நோயால் வந்த நீர்க்கோப்பு அல்ல அது.

ஆனால் அந்த வாதம் உண்மையாகவே வருகிற வீரர்களும் உண்டு. இங்கிலாந்து அணித்தலைவராக இருந்த மைக் ஆதர்டன் அதோடுதான் டெஸ்ட் ஆட்டங்களை ஆடினார். இருபதுகளில் மெல்லத் தொடங்கும். ஓய்வெடுத்தால் கூடும், உடற்பயிற்சியால் குறையும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும். காலையில் அரை மணிக்கும் மேல் விறைப்பு. பயிற்சி செய்தால் நன்றாக இருக்கிறது என்று வீரரே சொல்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆண்டுக்கணக்கில் தசைப்பிடிப்பாகவே போய்க்கொண்டிருக்கும். கண் சிவந்து வலித்ததுண்டா, சொரியாசிஸ் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது முதுகு கூன் விழுந்து விறைத்ததுண்டா என்று கேளுங்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் அடிக்குறிப்பாக வருவதை இங்கே நாம் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்: முதுகெலும்புக் காசநோய். காய்ச்சல் இல்லாமலும் வரும். ஓய்விலும் இரவிலும் வலி, எடை குறைவு, முதுகெலும்பைத் தட்டினால் ஒரே இடத்தில் வலி. பேஸ் ஃபவுண்டேஷன் இருக்கிற அதே சேத்துப்பட்டில்தான் 1956இல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. முதுகெலும்புக் காசநோயாளியைப் படுக்கையில் கட்டிப்போடாமல் நடமாடவிட்டே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று நிறுவியதில் சென்னை ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு. நோய் தெரிந்தால் மருந்து இருக்கிறது. விடுதியில் தங்கியிருக்கிற ஒல்லியான நெடுந்தூர ஓட்டக்காரருக்கு எடை குறைந்தால் பயிற்சியின் பலன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதில்தான் தாமதம் ஆகிறது.

ஓட்டக்காரப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிட்டத்தின் ஒரு பக்கம் ஆழமான வலி, எஸ்.ஐ. மூட்டு என்று சிகிச்சை, ஓடினால் கூடுகிறது. சாக்ரத்திலேயே ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் இருக்கலாம். சாப்பாடு போதாமல், மாதவிடாய் நின்றுபோய், எலும்பு மெலிந்து வரக்கூடியது இது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே வைத்தது. ஆண்களுக்கும் வரும் என்றும் சேர்த்துச் சொன்னது. நம் மைதானங்களில் பெரும்பாலும் ஆண் பயிற்சியாளர்கள். அந்தப் பெண் “சார், மூணு மாசமா வரலை” என்று அவரிடம் சொல்ல மாட்டாள். மாதவிடாய் நின்றதைப் பயிற்சி சரியாகப் போவதன் அடையாளம் என்று பெருமையாக நினைக்கிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அது தவறு. கேட்பதற்கு ஒரு பெண் மருத்துவரையோ மூத்த வீராங்கனையையோ ஏற்பாடு செய்து, கட்டாயம் கேட்க வையுங்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் சோதனை, வரிசை எதுவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலம் இழப்பது. நரம்புக்கொத்து நசுங்குகிறது என்று பொருள். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சிறுநீர்ப்பை திரும்பி வராமலே போகலாம்.

உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. ஒவ்வொரு வேகப்பந்து வீச்சாளருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். நாள், எங்கே வீசினான், எத்தனை பந்து, வலி உண்டா இல்லையா. இந்த நான்கையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அனுப்பும்போது அந்த நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒருவனுக்குப் பின்னால் வளைந்தால் ஒற்றைப் பக்கம் வலிக்கிறது, இரண்டு வாரமாகப் போகவில்லை என்றால், சோதித்து முடியும்வரை அவன் கையில் பந்தைக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரமே மாவட்ட அணித் தேர்வு இருந்தாலும் கொடுக்காதீர்கள்.